ஒரு தாளில் தவறினால் ஒரு வாழ்க்கை தவற வேண்டுமா?

(நர்சிங் பயிலும் மாணவியருக்குக் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





காசோலைகளைக் கொடுக்கும் முன்பு ஒரு தவறை உங்களிடம் சொல்லிவிட வேண்டும். அது நம் அறக்கட்டளை செய்த தவறு. செயலாளர் என்ற முறையில் என்னுடைய தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளை பி.எஸ்ஸி. நர்சிங்கில் சேர்ந்தாள். வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மா பீடி சுற்றுகிறார். கல்லூரிக் கட்டணத்தை நாம் கட்டினோம். பஸ் காசுக்கும் தம்பியின் படிப்புக்கும் அவளே வழி தேட வேண்டியிருந்தது. மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடையில் வேலைக்கு நின்றாள். முதல் செமஸ்டரில் அனாட்டமி, பிசியாலஜி தாளில் தவறிவிட்டாள். 'ஒரு தாளில் தவறினாலும் உதவி நிறுத்தப்படும்' என்பது அன்று நம் விதி. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். 'ஏன் மகளே தவறினாய்?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் படிப்பை விட்டுவிட்டாள்.

சென்ற பெருநாளுக்குத் துணி எடுக்கப் போனேன். கடையில் அவள்தான் நின்றாள். "வாங்க மாமா" என்று சிரித்த முகமாகக் கூப்பிட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு அவள் வீட்டுக்குப் போய், இதைச் சபையில் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க மாமா. இன்னொருத்திக்கு இப்படி நடக்கக் கூடாது" என்றாள். அதனால்தான் சொல்கிறேன்.

அவள் ஏன் தவறினாள் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 49. கல்லூரி நாளொன்றுக்கு 8 வீதம் ஆறு நாளைக்கு 48. பஸ் 12. டியூஷனும் கடை வேலையும் 18. தொழுகை, சாப்பாடு, வீட்டு வேலை 21. மீதி 20 மணி நேரம். அதுவும் மொத்தமாகக் கிடைக்காது. அங்கே அரை மணி, இங்கே முக்கால் மணி.

படிக்க வேண்டியதோ மலைபோல் இருக்கிறது. 2021இல் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் நான்காண்டுப் படிப்பு 8 செமஸ்டர். முதல் செமஸ்டரிலேயே அனாட்டமியும் பிசியாலஜியும் வந்துவிடும். கூடவே ஆங்கிலம், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படை. அடுத்து உயிர்வேதியியல், சத்துணவியல். மூன்றாவதில் நுண்ணுயிரியல், மருந்தியல், நோயியல். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு முதல் மாதம் அந்தப் பெயர்களை வாசிப்பதே பெரும்பாடு.

மகள்களே, நான் நர்சிங் படித்தவன் அல்ல. ஆனால் மதரஸாவில் ஓதியவன். அங்கே கற்ற இரண்டு வழிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, வேர்ச்சொல். காஃப், தா, பா என்ற மூன்றெழுத்தைப் பிடித்துக்கொண்டால் கிதாப், காத்திப், மக்தப் எல்லாம் தாமாகப் புரியும் என்று உஸ்தாது சொல்லிக் கொடுத்தார். மருத்துவச் சொற்களும் அப்படித்தான். கார்டியோ என்றால் இதயம், நெஃப்ரோ என்றால் சிறுநீரகம், ஹெப்பட்டோ என்றால் கல்லீரல். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. இப்படி ஐம்பது வேர்களை ஒரு சிறு நோட்டில் எழுதி பஸ்ஸில் பாருங்கள். புத்தகத்தின் பாதி பயம் போய்விடும்.

இரண்டு, திரும்ப ஓதுதல். ஹிஃப்ழு ஓதும் பிள்ளை புதுப்பாடம் மட்டும் ஒப்பிப்பதில்லை. நேற்றைய பாடத்தையும் பழைய பாடத்தையும் சேர்த்தே ஒப்பிக்கிறது. நீங்களும் ஃபஜ்ருக்குப் பின் முக்கால் மணி நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, இதயத்தின் படத்தை வெறும் தாளில் வரைந்து பெயர் குறியுங்கள். வராத இடம்தான் இன்றைய பாடம். அனாட்டமியில் இதயம் படிக்கும் வாரத்திலேயே பிசியாலஜியிலும் இதயத்தைப் படியுங்கள். இரண்டும் ஒரே வினாத்தாளின் இரு பகுதிகள். ஒன்றைத் தள்ளிவைத்தால் மற்றதும் சேர்ந்து விழும்.

'நர்சு வேலைக்கு இவ்வளவு அறிவியல் எதற்கு?' என்று நம் தாய்மார்கள் கேட்பதுண்டு. 1000 மில்லி டிரிப்ஸ் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். 20 சொட்டு ஒரு மில்லி. அப்படியானால் நிமிடத்துக்கு 42 சொட்டு. இந்தக் கணக்கை அவள்தான் போட வேண்டும். பொட்டாசியம் குளோரைடு மருந்தை நீர்க்கச் செய்யாமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அது ஏன் என்பதைப் பிசியாலஜிதான் சொல்கிறது. நாளை அந்தக் கட்டிலில் படுத்திருப்பது நானாக இருக்கலாம், நீங்களாக இருக்கலாம்.

பெண் பிள்ளைக்கு இந்த வேலை தகுமா என்று தயங்குவோருக்கும் ஒரு வார்த்தை. அகழ்ப்போரில் காயம்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அவர்கள் சிகிச்சையளித்த கூடாரத்தில்தான் வைத்துப் பார்த்தார்கள். இது நமக்குப் புதிய வேலை அல்ல.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சைக்கு முந்தைய ஒரு மாதம் அடுப்படிக்கும் விருந்துக்கும் அவளைக் கூப்பிடாதீர்கள். வேலை கொடுத்திருக்கும் கடைக்காரர்களே, அந்த மாதம் அவளுக்கு விடுப்பு கொடுங்கள்; வேலையை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி எங்கள் கடமை. நிர்வாகக் குழு மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறது. ஒரு தாளில் தவறினால் உதவி நிற்காது. காரணம் கேட்டு நாங்களே வீட்டுக்கு வருவோம். முதல் மூன்று செமஸ்டருக்குக் கட்டணத்தோடு பஸ் செலவும் மாதாமாதம் தரப்படும். டியூஷனைக் குறைத்துக்கொண்டு படியுங்கள். படித்து முடித்து வேலையில் இருக்கும் நம் சகோதரிகள் ஞாயிறு அஸருக்குப் பின் மதரஸா மாடியில் பாடம் சொல்லித் தர இசைந்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளையிடமும் கேட்டேன், "மறுபடி சேர்கிறாயா மகளே?" என்று. "உம்மாவிடம் பேசிச் சொல்கிறேன் மாமா" என்றாள். அவளுக்காகத் துஆ செய்யுங்கள். அவளுடைய கட்டணத்தை மட்டும் இந்த ஆண்டுக் கணக்கில் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.