பட்டமா, பட்டறிவா?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. நடுவர் இல்லாததால் தீர்ப்பையும் நானே சொல்லியாக வேண்டும். ஆனால் இது வெறும் மேடைக் கேள்வி அல்ல. "சாஃப்ட்வேர் வேலைக்கு டிகிரி எதுக்குங்க? ஆறு மாசக் கோர்ஸ் படிச்சாப் போதாதா?" என்று கேட்கும் பெற்றோர் நம் ஒவ்வொருவர் வீட்டுப் பக்கமும் இருக்கிறார்கள். நாம் சொல்லும் பதிலை நம்பி ஒரு பிள்ளையின் நாலு வருஷம் முடிவாகிறது.

முதலில் பட்டறிவின் பக்கம் பேசுகிறேன். கல்லூரியில் நாம் எழுதியதெல்லாம் புது புரோகிராம். வேலையில் முதல் நாளே கையில் கொடுப்பது, எவரோ எழுதி வைத்துவிட்டுப் போன பல்லாயிரம் வரிகள். அதைப் படித்துப் புரிந்துகொள்வது, ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் நின்றால் பதறாமல் பதிவுகளைப் பார்த்துக் காரணம் தேடுவது, வாடிக்கையாளர் கேட்பது ஒன்று, அவருக்குத் தேவைப்படுவது வேறொன்று என்று கண்டுபிடிப்பது... இதற்கெல்லாம் நம் பாடத்திட்டத்தில் பேப்பர் கிடையாது. எனக்கு இவற்றைக் கற்றுக்கொடுத்தவர் என் முதல் டீமில் இருந்த ஒரு அண்ணன். பிளஸ் டூ முடித்து, கம்ப்யூட்டர் சென்டரில் படித்துவிட்டு வேலைக்கு வந்தவர். பட்டம் கிடையாது. எங்கள் டீமில் அவரைவிடக் கெட்டிக்காரர் யாரும் இல்லை.

இனி பட்டத்தின் பக்கம். ஒரு சின்ன உதாரணம் போதும். கணிப்பொறியில் 0.1, 0.2 இரண்டையும் சாதாரணப் புள்ளி எண்களாகக் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். அனுபவசாலி இதை மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது கண்டுபிடிப்பார். "பணத்தை இந்த வகை எண்ணில் வைக்காதே, பைசாவாக மாற்றி முழு எண்ணில் வை" என்பார். சரியான விடை. படித்தவனுக்குக் கூடுதலாகக் காரணமும் தெரியும்: மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போவது போல, பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் எழுதினாலும் முடியாது. காரணம் தெரிந்தவன், இதே நோய் நாளை வேறு மொழியில், வேறு துறையில் வேறு உருவத்தில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்வான். கருவிகள் மாறும்போதுதான் படிப்பு கை கொடுக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேட்டால் எந்திரமே புரோகிராம் எழுதித் தருகிறது. அது எழுதியது சரியா, தப்பா என்று சொல்ல அடிப்படை தெரிந்த ஆள் வேண்டும்.

ஆனால் பட்டத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அது அறிவு சம்பந்தப்பட்டதே இல்லை, வாசல் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்குப் பட்டம் அல்லது அதற்கு ஈடு வேண்டும். அவர்கள் விதிப்படி, ஒரு வருஷப் படிப்புக்கு ஈடு மூன்று வருஷ வேலை அனுபவம். அதாவது நாலு வருஷப் பட்டத்துக்குப் பன்னிரண்டு வருஷம்! 2014இல் எங்கள் டீமிலிருந்து ஒருவரை அங்கே அனுப்ப வேண்டி வந்தது. எல்லோரும் நினைத்தது அந்த அண்ணனைத்தான். அவருக்கு அப்போது எட்டு வருஷ அனுபவம். கணக்கில் நாலு குறைந்தது. அவரிடம் வேலை கற்றுக்கொண்ட நான் போனேன். வழியனுப்ப வந்தவர், "நீ போய்ட்டு வாடா தம்பி, சந்தேகம்னா போன் போடு" என்றார். போட்டேன், பல தடவை.

எல்லா நாடும் ஒரே தராசை வைத்திருக்கவில்லை. ஜெர்மனி 2023 நவம்பரில் விதியை மாற்றியது. பட்டம் இல்லாத கணிப்பொறி வல்லுநரும், கடைசி ஏழு வருஷத்தில் மூன்று வருஷத் தகுந்த அனுபவமும் அதற்கேற்ற சம்பளமும் இருந்தால் நீல அட்டை பெறலாம். ஒரு நாட்டில் பன்னிரண்டு, இன்னொரு நாட்டில் மூன்று. திறமை ஒன்றுதான், எடைக்கல்தான் வேறு.

நம் ஊரிலும் இடைவழிகள் உண்டு. ஸோஹோ நிறுவனம் பட்டம் கேட்காமல், உதவித்தொகை கொடுத்துப் பிள்ளைகளைத் தன் பள்ளியிலேயே பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது. எச்.சி.எல். பிளஸ் டூ முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, வேலையோடு பட்டமும் படிக்க வைக்கிறது. விப்ரோ, பி.சி.ஏ., பி.எஸ்ஸி. படித்தவர்களை எடுத்து எம்.டெக். படிக்க வழி செய்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் அறிவித்த தரவு அறிவியல் படிப்பை வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். இடையில் டிப்ளமோவோடும் நிற்கலாம். கவனியுங்கள், இவற்றில் பெரும்பாலானவை பட்டத்தை ஒதுக்கவில்லை. வேலைக்குப் பின்னாலோ பக்கத்திலோ வைத்திருக்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். படிக்க வசதி இருக்கிறவன் பட்டத்தை விடக் கூடாது. வசதி இல்லாமல் வேலைக்குப் போனவனை, பட்டம் இல்லை என்று நாம் தள்ளக் கூடாது.

தம்பி தங்கைகளே, அரியர் வைத்திருந்தால் முடித்துவிடுங்கள். "ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கப் போறேன் சார்" என்று கடைசி வருஷத்தில் நின்றுவிடாதீர்கள். ஆனால் பட்டம் வந்தால் வேலையும் வந்துவிடும் என்று உட்கார்ந்தும் விடாதீர்கள். வெளியே பயன்படும் ஒரு புரோகிராமை நாலு பேருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

பேராசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். கடைசி வருஷ புராஜெக்டை வெளியில் விலைக்கு வாங்கி வரும் வழக்கத்துக்கு முடிவு கட்டி, அந்த மாதங்களில் மாணவர்களை நம் முன்னாள் மாணவர்கள் வேலை பார்க்கும் இடங்களுக்கு அனுப்புங்கள். ஆளுக்கு இருவரை ஏற்க நாங்கள் தயார். இந்த ஆண்டு நான் இரண்டு பேரை எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் நண்பர்களுக்கு. விசா விதியை நாம் மாற்ற முடியாது. ஆனால் பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி எல்லாவற்றிலும் அறுபது சதவீதம் என்று வடிகட்டும் பட்டியல் நம் மேஜையில்தான் தயாராகிறது. அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களில் ஐந்து பேரையாவது கூப்பிட்டு, ஒரு மணி நேரம் உட்கார வைத்து, ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். எனக்கு வேலை கற்றுத்தந்த அண்ணன் மாதிரி ஒருவர் அந்த ஐந்து பேரில் இருக்கக் கூடும்.