வகுப்பறையில் ஒரு பங்குச் சந்தை

நான் பத்தாவது வரை படிச்சவள். மைக் முன்னாடி நிக்கிறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்ம ஊர் பள்ளிக்கூட வகுப்பறையில் பங்குச் சந்தை பற்றிப் பயிற்சி வச்சாங்க. "நமக்கு எதுக்கு இதெல்லாம்?"னு பாதிப் பேர் முணுமுணுத்தாங்க. நான் மட்டும் முதல் ஆளாப் போய் உட்கார்ந்தேன். அதுக்கு ஒரு காரணம் இருந்தது. பிறகு சொல்றேன்.

பயிற்சி கொடுத்த தம்பி ஆளுக்கு 10,000 ரூபாய் காகிதப் பணம் கொடுத்தார். கரும்பலகையில் பால், அரிசி ஆலை, கயிறு, செல்போன் என்று நாலு கற்பனைக் கம்பெனிகளை எழுதினார். ஒரு பங்கு 100 ரூபாய். பங்கு வாங்கினால் அந்தக் கம்பெனியில் சின்ன பாகத்துக்கு நாமும் சொந்தக்காரர். வாங்க வர்றவங்க அதிகமானா விலை ஏறும், விக்க வர்றவங்க அதிகமானா இறங்கும். நம்ம சந்தையில் தக்காளி விலை மாதிரிதான்.

நான் 5,000 ரூபாய்க்குப் பால் கம்பெனியில் 50 பங்கு வாங்கினேன். "பால் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வருதாம்"னு ஒரு சீட்டு வந்தது. விலை 125 ஆச்சு. மிச்சம் 5,000-க்கும் 40 பங்கு வாங்கிட்டேன். விலை 150. என் கையில் 13,500 ரூபாய் மதிப்பு! வகுப்பறையே கத்துச்சு. அடுத்த சீட்டில் "ஆர்டர் செய்தி வதந்தி"னு வந்தது. எல்லோரும் விக்க ஓடினோம், வாங்க ஆள் இல்லை. விலை 60-க்கு விழுந்தது. என் 10,000 ரூபாய் 5,400 ஆச்சு.

நாலு கம்பெனியிலும் பிரிச்சுப் போட்ட எங்க குழு ஆயா மட்டும் சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அவங்களுக்கு நஷ்டம் கொஞ்சம்தான். "எல்லா முட்டையையும் ஒரே கோழிகிட்டயா அடைக்க வைப்பே?"ன்னாங்க.

இப்போ அந்தக் காரணம். ஆடு வாங்கன்னு தீர்மான நோட்டில் எழுதி, நான் குழுவில் 20,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தேன். ஆடு வாங்கலை. "பங்குச் சந்தை, மூணு மாசத்தில் இரட்டிப்பு உறுதி"ன்னு போனில் வந்ததை நம்பி, யாரோ ஒருத்தர் கணக்குக்கு 5,000 அனுப்பினேன். போனில் 8,000-ன்னு காட்டுச்சு. திங்கட்கிழமை மீதி 15,000-ஐயும் அனுப்புறதா இருந்தேன்.

விளையாட்டு முடிஞ்சதும் தம்பியிடம் தனியாகக் கேட்டேன். அவர் சொன்னார்: "அக்கா, நிஜமா பங்கு வாங்கினா அது உங்க பேரில் இருக்கிற டீமேட் கணக்குக்கு வரும். செபியில் பதிவு பெற்ற தரகர் மூலமாத்தான் வாங்கணும். தனி ஆள் கணக்குக்குப் பணம் போகாது. லாபம் உறுதின்னு யாரும் சொல்லக் கூடாது." செபி என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அமைப்பு. 1988-ல் தொடங்கி, 1992-ல் சட்ட அதிகாரம் பெற்றதுன்னும் சொன்னார்.

அன்னைக்கே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் போன் பண்ணினேன். 5,000 திரும்பி வரலை. அடுத்த கூட்டத்தில் 15,000-ஐ வச்சு, நடந்ததைச் சொல்லி அழுதேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். "பணம் போகட்டும், நீ சொன்னியே, அது போதும்"னாங்க. மீதியை நூறு நாள் வேலைக் கூலியில் அடைச்சேன்.

பங்குச் சந்தை கெட்டதுன்னு நான் சொல்லலை. தெரிஞ்சுக்கிட்டு, உபரிக் காசில் செய்யலாம். குழுக் கடனில் வேண்டவே வேண்டாம். அது நம்ம எல்லோருடைய வியர்வை. யாருக்காவது அப்படி மெசேஜ் வந்தா, அனுப்புறதுக்கு முன்னாடி கூட்டத்தில் ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேட்காம விட்டேன்.