பள்ளி மேசைக்கு வந்த பூமி



1988 ஜூன் 23. வாஷிங்டனில் அமெரிக்க செனட் குழுவின் முன், பூமி சூடாகி வருகிறது என்று நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் சாட்சியம் சொன்னார். அவர் காட்டிய கணிப்புகளைப் போட்டுத் தந்தது, நியூயார்க்கில் உள்ள நாசாவின் கோடார்டு விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் உருவான ஒரு கணினி மாதிரி. அன்று அதை ஓட்ட ஆய்வுக்கூடத்தின் பெரிய கணினி தேவைப்பட்டது. பின்னாளில் அது உயர்நிலைப் பள்ளி மாணவரின் மேசைக்கே வந்துவிட்டது.

அந்த நிறுவனமும் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து அதற்குக் கொடுத்த வடிவம்தான் 'எட்ஜிசிஎம்'. உள்ளே ஓடுவது விஞ்ஞானிகள் ஃபோர்ட்ரான் கணினி மொழியில் எழுதிய பழைய நிரல். மாணவர் கண்ணில் படுவதோ மவுஸால் தட்டித் தேர்ந்தெடுக்கும் எளிய திரை.

மாதிரியின் வேலை இதுதான்: உலகத்தை அட்சரேகையில் 8 டிகிரி, தீர்க்கரேகையில் 10 டிகிரி கொண்ட கட்டங்களாகப் பிரிக்கும், வளிமண்டலத்தை 9 அடுக்குகளாக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், காற்று, ஈரம் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கணக்கிடும். நிலநடுக்கோட்டருகே ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 1,100 கிலோமீட்டர். ஆகவே மேகங்களைத் தனித்தனியாகக் காட்ட வழியில்லை. சராசரியாகத்தான் கணக்கில் சேர்க்க முடியும்.

வகுப்பறைக்கு வேறு வகைக் கணினிச் சோதனைகளும் உண்டு. இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய 'ஃபெட்' என்ற கல்வித் திட்டத்தின் விளையாட்டு போன்ற சோதனைகளில், ஒரு அளவை மாற்றினால் விடை அந்த நொடியே தெரியும். தெரிந்த விதியைப் புரியவைக்க அது அருமையான வழி. எட்ஜிசிஎம்மிலோ காத்திருக்க வேண்டும். ஒரு பாடவேளை போதாது; இரவெல்லாம் கணினி ஓடும். மாணவர்கள் முதலில் இயல்பான உலகை ஓட்டுவார்கள். பிறகு கார்பன் டை ஆக்சைடை இரட்டிப்பாக்கி இன்னொரு முறை. இரண்டு வரைபடங்களையும் ஒப்பிட்டால், வெப்பமண்டலத்தைவிட வடதுருவம் அதிகம் சூடாவது தெரியும். வெள்ளைப் பனி உருகி, அடியிலிருக்கும் கருமையான கடல்நீர் வெயிலை உறிஞ்சுவது அதற்கு ஒரு காரணம்.

வாதம் சூடுபிடிப்பது அதன் பிறகுதான். கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் உலகம் எவ்வளவு சூடாகும்? இந்தப் பழைய மாதிரியின் விடை சுமார் 4.2 டிகிரி. 2021இல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி வெளியிட்ட அறிக்கையின் சிறந்த மதிப்பீடோ 3 டிகிரி. ஏன் இந்த வித்தியாசம் என்று மாணவர் கேட்டால், பேச்சு மேகங்களுக்குத் திரும்பாமல் இருக்காது. அங்கே ஆசிரியராலும் முடிவான விடை சொல்ல இயலாது. வெப்பம் கூடும்போது மேகங்கள் எப்படி மாறும் என்பதில் இன்றைய மாதிரிகளே ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.