தள்ளிப் போட்ட ஒரு வாக்கியம்

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார ஆசிரியர்களுக்கான ஆங்கிலப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பிரேசல் வெர்ப்’. வினைச்சொல்லோடு ஒரு சிறுசொல் சேர்ந்து புதுப்பொருள் தருவது என்று நாம் கரும்பலகையில் எழுதிப் போடுவோமே, அதுதான். பட்டியல் வாசித்தால் நூறு சொல்லலாம். வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடும். எனவே இன்று ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: ‘புட் ஆஃப்’.

முதலில் ஓர் ஆறுதல். இது கடினம் என்று நம் பிள்ளைகள் மட்டும் சொல்லவில்லை. 1755இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வேற்று மொழிக்காரர்களை மிகவும் திணறடிப்பது இந்தச் சேர்க்கைதான் என்று தன் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். ‘பிரேசல் வெர்ப்’ என்ற பெயரோ வெகுகாலம் கழித்து, 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வழியாகத்தான் பரவியது. பெயர் வைப்பதற்கு முன்பே தொல்லை இருந்திருக்கிறது!

நம் வகுப்பில் என்ன நடக்கிறது? ‘புட்’ என்றால் வை. ‘ஆஃப்’ என்றால்? லைட்டை ஆஃப் பண்ணு, மோட்டாரை ஆஃப் பண்ணு என்று பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். எனவே ‘புட் ஆஃப்’ என்றால் அணைத்து வை என்று எழுதுகிறார்கள். நாம் தவறு என்று அடிக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை யோசித்திருக்கிறது. இரண்டு சொல்லின் பொருளையும் கூட்டிப் பார்த்திருக்கிறது. கூட்டினால் வராது என்பதை மட்டும்தான் நாம் சொல்லித்தர வேண்டும்.

அதைச் சொல்லித்தர ஆங்கிலத்துக்குப் போக வேண்டியதில்லை. தமிழிலேயே இருக்கிறது. ‘புட் ஆஃப்’ என்பதற்கு நம் ஊர்ப் பேச்சில் என்ன? தள்ளிப் போடு. இதில் யாராவது எதையாவது கையால் தள்ளுகிறார்களா? தூக்கிப் போடுகிறார்களா? இல்லை. கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள் என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிறது. அடுத்து, இரண்டாவது சொல்லை மாற்றிக் காட்டுங்கள். தள்ளிப் போடு, தள்ளி வை, தள்ளி விடு, தள்ளிப் போ. பொருள் எப்படி மாறுகிறது! கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம். ஒரு குடும்பத்தை ஊரார் தள்ளி வைத்தால் அது வேறு கதை. இதை எந்தப் பிள்ளைக்கும் யாரும் இலக்கணமாகச் சொல்லித்தரவில்லை. பேச்சில் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது ஆங்கிலத்துக்கு வாருங்கள். ‘புட் ஆன்’ என்றால் உடுத்திக்கொள். ‘புட் அவுட்’ என்றால் தீயை அணை. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப் போடு. தமிழில் பின்னால் வரும் துணைவினை செய்கிற வேலையை, அங்கே பின்னால் வரும் சிறுசொல் செய்கிறது. இந்த ஒப்புமை எல்லா இடத்திலும் பொருந்தாது. ஆனால் பயத்தைப் போக்க இது போதும்.

இன்னொன்று. ‘போஸ்ட்போன்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதன் லத்தீன் வேரும் ‘பின்னால் வை’ என்பதுதான். அது சுற்றறிக்கைச் சொல். ‘புட் ஆஃப்’ வீட்டுச் சொல். நாமும் சுற்றறிக்கையில் ‘ஒத்திவைக்கப்படுகிறது’ என்போம், திண்ணையில் ‘தள்ளிப் போட்டாச்சு’ என்போம். எதை எங்கே பேசுவது என்பதையும் இதே ஜோடியில் காட்டிவிடலாம்.

உயர்நிலை வகுப்புகளுக்கு நான்கு குறிப்புகள்.

ஒன்று, எழுத்து. ‘ஆஃப்’ என்பதற்கு இரண்டு எஃப். ஒரே எஃப் போட்டால் அது வேறு சொல், உச்சரிப்பும் ‘ஆவ்’.

இரண்டு, இடம். ‘வி புட் ஆஃப் த மீட்டிங்’ என்றும் சொல்லலாம், ‘வி புட் த மீட்டிங் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ கிடையாது.

மூன்று, பின்னால் இன்னொரு வினை வந்தால் அது ‘இங்’ ஏற்கும். ‘புட் ஆஃப் கோயிங்’. ‘புட் ஆஃப் டு கோ’ அல்ல.

நான்கு, ‘கால் ஆஃப்’ என்பதோடு குழப்பக் கூடாது. அது ரத்து செய்வது. தள்ளிப் போட்டது ஒருநாள் நடக்கலாம், ரத்தானது நடக்காது.

இந்த நான்காவது குறிப்பை எனக்குப் புரிய வைத்தது ஒரு மாணவி.

அப்போது நான் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தேன். மார்ச் மாதம். ‘புட் ஆஃப்’ வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். முப்பது நோட்டிலும் மழையால் ஆட்டம் தள்ளிப் போனது. நான் எழுதிப் போட்டதுதான். ஒரு நோட்டில் மட்டும், ‘மை ஃபாதர் புட் ஆஃப் மை ஸ்கூல்’ என்று இருந்தது. பள்ளியை எப்படித் தள்ளிப் போட முடியும்? ‘ஸ்கூல்’ என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே ‘மீட்டிங்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் திருத்தத்தை மூன்று முறை எழுதிக் காட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் மாதம் எமிஸ் தளத்தில் பார்த்தால், ஒன்பதாம் வகுப்பில் எங்குமே சேராமல் அவள் பெயர் கிடந்தது. அப்போதுதான் அந்தச் சிவப்புச் சுழி நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குப் போனேன். அப்பா சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். அம்மா மில் வேனில் போய் வருகிறவர். தம்பியையும் அப்பத்தாவையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. “நிப்பாட்டல டீச்சர், ஒரு வருசம் தள்ளிப் போட்டிருக்கு, அம்புட்டுத்தான்” என்றார். அவள் எழுதிய அதே வாக்கியம். மார்ச்சிலேயே வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அதைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் என் பயிற்சி நோட்டு.

“அண்ணே, புரட்டாசிப் பட்டத்துல போட வேண்டிய பருத்தியத் தையில போட்டா வெடிக்குமா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயது வரைக்கும்தான் கைபிடித்து வருகிறது. எட்டாம் வகுப்பு முடிகிற இடத்தில் விட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு தள்ளிப் போட்டதெல்லாம் பெரும்பாலும் ரத்துதான். மூன்று முறை போனோம், தலைமையாசிரியரும் வந்தார். தம்பியை அங்கன்வாடியில் சேர்த்தோம். அப்பத்தாவைப் பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டம்மா ஒத்துக்கொண்டார். ஜூலை பாதியில் அவள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள்.

இங்கேயே முடித்தால் கைதட்டலாம். ஆனால் அதே பட்டியலில் ஒரு பையனும் இருந்தான். அவன் வீடு சற்றுத் தொலைவு. இந்த வாரம் ஆகட்டும், அடுத்த வாரம் ஆகட்டும் என்று இருந்துவிட்டேன். போனபோது அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். ‘ஐ புட் ஆஃப் கோயிங் டு ஹிஸ் ஹவுஸ்.’ மூன்றாவது குறிப்புக்கு இன்றும் நான் வகுப்பில் எழுதும் எடுத்துக்காட்டு இதுதான். பிள்ளைகளுக்கு இதன் பின்கதை தெரியாது.

நண்பர்களே, நான் கேட்டுக்கொள்வது இரண்டே. எடுத்துக்காட்டு வாக்கியத்தை நீங்கள் எழுதிப் போடாதீர்கள். ‘இந்த வருசம் உங்க வீட்டுல எதைத் தள்ளிப் போட்டீங்க?’ என்று தமிழில் கேளுங்கள். விதைப்பு, காது குத்து, கண் ஆஸ்பத்திரி, கூரை மாற்றுவது என்று வரிசையாக வரும். அவற்றை அவர்களே ஆங்கிலமாக்கட்டும். அந்த ‘புட் ஆஃப்’ மறக்காது.

அடுத்தது, வழக்கத்துக்கு மாறான வாக்கியம் ஒன்று நோட்டில் வந்தால், சிவப்புப் பேனாவைத் திறப்பதற்கு முன் அந்தப் பிள்ளையை அருகில் கூப்பிட்டு, ‘இது என்னப்பா?’ என்று கேளுங்கள். அவள் எழுதியதில் ‘ஸ்கூல்’ என்பதை ‘ஸ்கூலிங்’ என்று மாற்றியிருந்தால் போதும். மற்றபடி அது சரியான வாக்கியம். தவறு படித்துப் பார்த்தவருடையது.

இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு நோட்டுகள் உங்கள் மேசையில் இருக்கும். பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.