ஒரு நகரத்தின் கோபம்: 1954-55 பனிக்கட்டி ஹாக்கிப் பருவம்



ஹாக்கி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டாரின் மனக்கண் முன் தோன்றுவன பசும்புல் திடலும், நுனி வளைந்த மட்டையும், தயான்சந்த் அவர்களின் பெயருமே ஆகும். கனடா நாட்டிலோ அச்சொல் முற்றிலும் வேறானதொரு காட்சியை எழுப்புகிறது. அங்கே ஹாக்கி என்றால் பனிக்கட்டியின் மீது ஆடும் ஆட்டம். சிம்லாவில் 1920-ஆம் ஆண்டில் அமைந்த சறுக்குத் திடலையோ, லடாக்கில் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் குளங்களின் மேல் இளைஞர் விளையாடுவதையோ, வடபுலத்தில் வாழும் நம் நேயர்களில் சிலர் கண்டிருக்கவும் கூடும். ஏனையோரின் பொருட்டு இவ்வாட்டத்தின் இயல்பை முதலில் சிறிது கூறிவிட்டு, அதன் ஒரு பருவத்தைப் பற்றி, அதாவது 1954-55-ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். வெற்றி தோல்விக் கணக்கோடு நின்றுவிடாத கதை அது.

இவ்வாட்டத்திற்குரிய திடல் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. சுற்றிலும் பலகைச் சுவர். ஆடுவோர் காலில் எஃகுக் கத்தி பொருத்திய காலணி அணிந்து சறுக்கி ஓடுகின்றனர். பந்துக்குப் பதிலாகக் கெட்டி ரப்பரால் ஆன ஒரு வட்டு. அதன் விட்டம் 3 அங்குலம். கனம் 1 அங்குலம். துள்ளாதிருக்கும் பொருட்டு ஆட்டத்திற்கு முன் அதையும் உறையவைத்துக் கொள்கின்றனர். கோலைக் காப்பவர் உட்படப் பக்கத்துக்கு ஆறு பேர். இருபது நிமிஷங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஓட்டத்தின் வேகம் அத்தகையதாகையால் எவரும் ஏறத்தாழ ஒரு நிமிஷத்திற்கு மேல் தொடர்ந்து ஆட முடிவதில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் மாறிக்கொள்கின்றனர். உடலோடு உடல் மோதுவதற்கு விதியில் இடமுண்டு. மட்டையால் அடிப்பது குற்றம். குற்றம் செய்தவர் சில நிமிஷங்கள் தண்டனைப் பெட்டியில் அமர்ந்திருக்க, அவருடைய கோஷ்டி ஓர் ஆள் குறைவாக ஆடும்.

இவ்வாட்டத்தைத் தொழிலாக நடத்தும் தேசிய ஹாக்கி லீக் என்னும் அமைப்பு 1917-ஆம் ஆண்டில் மான்ட்ரியல் நகரத்தில் தோன்றியது. இன்று அதில் 32 கோஷ்டிகள் உள்ளன. நாம் பேசும் பருவத்திலோ ஆறே கோஷ்டிகள்: கனடாவின் மான்ட்ரியலும் டொரான்டோவும், அமெரிக்காவின் பாஸ்டன், நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட். ஒவ்வொரு கோஷ்டியும் பருவத்தில் 70 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று. முதல் நான்கு இடங்களைப் பெற்றவை ஸ்டான்லி கோப்பைக்காக மோதும். அம்மோதலில் ஏழு ஆட்டங்களுள் நான்கை வெல்பவர்க்கே வெற்றி. புள்ளி வரிசையில் முந்தி நிற்கும் கோஷ்டிக்கு, ஏழாவது ஆட்டம் வரை செல்ல நேர்ந்தால், அதனைத் தன் சொந்தத் திடலில் ஆடும் உரிமை உண்டு. இந்த ஒரு விதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மான்ட்ரியல், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள பெருநகரம். அங்கே பெரும்பான்மையோரின் தாய்மொழி பிரெஞ்சு. எனினும் அக்காலத்தில் பெரிய வங்கிகளும், ஆலைகளும், வர்த்தக நிலையங்களும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் வசமே இருந்தன. மேலதிகாரி ஆங்கிலத்தில் ஆணையிடுவார்; தொழிலாளி அதைப் புரிந்துகொண்டு வேலை செய்யவேண்டும். பிழைப்பின் பொருட்டுப் பிறமொழி வழங்கும் மாநிலங்களுக்கு வந்து வாழும் நாம், வந்த ஊரின் மொழியைக் கற்றுக்கொள்வதே முறை என்று அறிவோம்; அதைக் குறையாகவும் கருதுவதில்லை. ஆனால் பிறந்த ஊரிலேயே, பெரும்பான்மையாய் இருந்துகொண்டே, தன் மொழியைத் தொழிற்சாலை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவேண்டிய நிலை வேறு. மான்ட்ரியல் மக்களின் மனத்தில் நெடுங்காலமாகத் தங்கியிருந்த வருத்தம் இதுவே.

அவ்வருத்தத்திற்கு ஆறுதலாய் இருந்தது கனாடியன்ஸ் என்னும் அவர்களுடைய ஹாக்கி கோஷ்டி. 1952-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனம் ஹாக்கி ஆட்டத்தை முதன்முதலாகத் தொலைக்காட்சியில் காட்டியபோது, ரெனே லெகாவாலியே என்பவர் பிரெஞ்சு மொழியில் வருணனை செய்தார். அதுவரை ஆட்டத்தின் சொற்கள் பலவும் ஆங்கிலமாகவே வழங்கிவந்தன. அவர் அவற்றுக்குத் தூய பிரெஞ்சுச் சொற்களை அமைத்து மக்கள் நாவில் பழகச் செய்தார். விளையாட்டு வருணனையைத் தம் மொழியில் கேட்பதன் இன்பத்தை நம் நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கோஷ்டியின் முதன்மை வீரர் மோரீஸ் ரிஷார். 1921-ஆம் ஆண்டில் மான்ட்ரியலில் தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்தவர், தாமும் இயந்திரத் தொழில் செய்தவர், பேச்சுக் குறைவானவர். பாய்ந்து செல்லும் வேகத்தால் மக்கள் அவரை ‘ராக்கெட்’ என்று அழைத்தனர். 1944-45-ஆம் ஆண்டுப் பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல்கள் போட்டார். அதற்கு முன் அவ்வாறு செய்தவர் எவருமில்லை. எதிர்க் கோஷ்டியினர் அவரைத் தடுக்க இடித்தனர்; பிடித்திழுத்தனர்; ஏசினர். அவரும் பொறுத்துக்கொள்பவர் அல்லர். அவருடைய கோபமும் அவருடைய ஆட்டத்தைப் போலவே பெயர் பெற்றது.

லீக்கின் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், வழக்கறிஞர், உலகப் போருக்குப் பின் போர்க் குற்ற வழக்குகளில் அரசுத் தரப்பில் பணியாற்றியவர். சட்டத்தில் கண்டிப்பானவர். அவர் பேசியது ஆங்கிலம். பிரெஞ்சு வீரர்களை அவர் கடுமையாக நடத்துகிறார் என்று 1954-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரிஷார் ஒரு பத்திரிகையில் எழுதி, பின்னர் மன்னிப்புக் கோர நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் டொரான்டோ நகரில் ஓர் எல்லை நடுவரைக் கையுறையால் அடித்ததற்காக அபராதமும் செலுத்தினார்.

இந்நிலையில் 1955-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வந்தது. மான்ட்ரியலும் டெட்ராய்ட்டும் புள்ளிகளில் சமமாக முதலிடத்தில் நின்றன. தனி வீரர்களின் புள்ளிக் கணக்கில் ரிஷார் முதல்வராய் இருந்தார். அத்தனை புகழ் இருந்தும் அந்தப் பட்டம் அதுவரை அவருக்குக் கிட்டியதில்லை. மூன்று ஆட்டங்களே மீதமிருந்த வேளையில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

மார்ச் 13-ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஆட்டம். பாஸ்டன் வீரர் ஹால் லேக்கோவின் மட்டை ரிஷாரின் தலையில் பட்டுக் காயம் உண்டாயிற்று. குருதியைக் கண்ட ரிஷார் தம் மட்டையால் லேக்கோவைத் தாக்கினார். எல்லை நடுவர் ஒருவர் அவரைப் பற்றித் தடுக்க முயல, அவர் முகத்திலும் குத்தினார். நடுவரை அடிப்பது எந்த ஆட்டத்திலும் பெருங்குற்றம் என்பதில் ஐயமில்லை. மூன்று நாட்களுக்குப் பின் மான்ட்ரியலில் விசாரணை நடத்திய காம்பெல், பருவத்தின் எஞ்சிய மூன்று ஆட்டங்களிலும், அதன்பின் நடைபெறும் கோப்பைப் பந்தயம் முழுவதிலும் ரிஷார் ஆடலாகாது என்று தீர்ப்பளித்தார்.

தண்டனை வேண்டும் என்று சொன்னவர்கள் பலர். இவ்வளவு வேண்டுமா என்று கேட்டவர்களும் பலர். மான்ட்ரியல் மக்களுக்கோ அது ஒரு விளையாட்டு வீரர் பெற்ற தண்டனையாகத் தோன்றவில்லை. தங்களுள் ஒருவன் எவ்வளவு உயர்ந்தாலும், ஆங்கிலம் பேசும் மேலதிகாரி ஒருவர் ஒரு கையெழுத்தால் அவனைக் கீழே இறக்கிவிடலாம் என்பதாகவே தோன்றியது.

மறுநாள், மார்ச் 17. மான்ட்ரியலின் ஃபோரம் அரங்கில் டெட்ராய்ட்டுடன் ஆட்டம். வர வேண்டாம் என்று எச்சரித்தும் கேளாமல் காம்பெல் வந்தார். முதற்பகுதி நடந்துகொண்டிருக்கையில் அவர் தம் இருக்கையில் அமர்ந்ததும், முட்டைகளும் தக்காளிகளும் அவர்மீது பறந்தன. ஒருவன் அருகே சென்று அவரைத் தாக்கவும் செய்தான். ரிஷாரும் அரங்கில் ஒரு பார்வையாளராக அமர்ந்து இவற்றையெல்லாம் கண்டுகொண்டிருந்தார். முதற்பகுதி முடிந்தபோது டெட்ராய்ட் 4-1 என முன்னின்றது. அவ்வமயம் யாரோ கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்றை வெடித்தனர். கூட்டம் இருமிக்கொண்டு வாயில்களை நோக்கி ஓடியது. தீயணைப்புத் தலைவர் அரங்கைக் காலி செய்யும்படி ஆணையிட்டார். ஆட்டம் அத்துடன் நின்றது. வெற்றி டெட்ராய்ட்டுக்கு வழங்கப்பட்டது. வெளியே வந்த கூட்டம், முன்பே தெருவில் திரண்டிருந்தோருடன் சேர்ந்து, செயின்ட் காதரீன் வீதி நெடுகிலும் கடைகளின் கண்ணாடிகளை உடைத்தது. சிலர் பொருள்களைக் கொள்ளையிட்டனர். சேதம் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் என்று மதிப்பிட்டனர். காயமுற்றோரும் கைதானோரும் பலர். உயிர்ச்சேதம் நேராதது பெரும்பேறு.

அடுத்த நாள் நகரம் அஞ்சிக் கிடந்தது. இரவு மறுபடியும் கலகம் மூளுமோ என்னும் ஐயம். அவ்வமயம் மோரீஸ் ரிஷார் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். முதலில் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில். பேச்சாளர் அல்லாத அந்த மனிதர் சொன்னது சுருக்கமானது. கோஷ்டியுடன் சேர்ந்து ஆட இயலாதது தமக்கு வேதனையே என்றார். இனி எவ்விதத் தீங்கும் நேரலாகாது என்றும், எல்லோரும் கோஷ்டிக்கு ஆதரவளிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். தண்டனையை ஏற்றுக்கொண்டு அடுத்த ஆண்டு திரும்பி வந்து கோப்பையை வெல்ல உதவுவதாகக் கூறினார். அன்றிரவு தெருக்கள் அமைதியாக இருந்தன. காவல் படையின் தடியும் தலைவர்களின் கண்டனமும் செய்யாததை, தம் மொழியில் ஒலித்த தம் வீரரின் குரல் செய்தது. வானொலியின் முன் அமர்ந்து பேசும் நாம் இந்நிகழ்ச்சியை நினையாதிருக்க இயலுமா?

இனிக் கணக்கைப் பார்ப்போம். மார்ச் 17-ஆம் நாள் ஆட்டம் பாதியில் நின்றதால் டெட்ராய்ட்டுக்கு இரண்டு புள்ளிகள் போய்ச் சேர்ந்தன. 20-ஆம் நாள் நடந்த கடைசி ஆட்டத்திலும் டெட்ராய்ட்டே வென்றது. பருவ முடிவில் டெட்ராய்ட் 95 புள்ளிகள், மான்ட்ரியல் 93. வேறுபாடு இரண்டே புள்ளி. ரிஷார் இல்லாமலே மான்ட்ரியல் அரையிறுதியில் பாஸ்டனைத் தோற்கடித்து, இறுதிப் பந்தயத்தில் டெட்ராய்ட்டைச் சந்தித்தது. அந்த ஏழு ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் சொந்தத் திடலில் ஆடிய கோஷ்டியே வென்றது. ஏழாவது ஆட்டம், நாம் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன விதியின்படி, டெட்ராய்ட்டில் நடந்தது. ஏப்ரல் 14-ஆம் நாள் டெட்ராய்ட் 3-1 என வென்று கோப்பையைக் கொண்டது. ஃபோரத்தில் அன்றைய ஆட்டம் முழுமையாக நடந்திருந்தால் மான்ட்ரியல் வென்றிருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. மூன்று கோல்கள் பின்தங்கியே இருந்தது. ஆனால் மீட்டுக்கொள்வதற்கு இன்னும் இரண்டு பகுதிகள் இருந்தன. அந்த நாற்பது நிமிஷங்களைப் பறித்தது காம்பெல் அல்லர். ரிஷாருக்காகப் பரிந்து எழுந்தவர்களே.

மற்றொன்றும் கூறவேண்டும். எஞ்சிய ஆட்டங்களில் ரிஷாரின் சக வீரர் பெர்னார் ஜெஃப்ரியோன் 75 புள்ளிகள் பெற்று, 74 புள்ளிகளுடன் நின்ற ரிஷாரை ஒரு புள்ளியால் முந்தினார். மூன்றாமவரான ஜான் பெலிவோவும் அதே கோஷ்டியினரே, அவருக்கு 73. சொந்த நகரத்து ரசிகர்களே ஜெஃப்ரியோனைப் பார்த்துக் கூச்சலிட்டு இகழ்ந்தனர். அவரும் மான்ட்ரியலில் பிறந்தவர். அவரும் பிரெஞ்சு பேசுபவர். தம் கோஷ்டி வெல்ல வேண்டும் என்று ஆடியதே அவர் செய்த குற்றம். நியாயமான வருத்தத்திலிருந்து பிறந்த கோபமும், எல்லை கடந்தபின், தன்னவர் யார், பிறர் யார் என்று பார்ப்பதில்லை.

ரிஷார் அந்தத் தனிப்பட்டத்தைப் பிறகும் பெறவேயில்லை. ஆயினும் வானொலியில் தந்த வாக்கைக் காப்பாற்றினார். அடுத்த பருவத்தில் டோ பிளேக் என்பவர் பயிற்சியாளராக வந்தார். ரிஷாரின் பழைய தோழர். இரு மொழிகளும் அறிந்தவர். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் மான்ட்ரியலே கோப்பையை வென்றது. 1957-ஆம் ஆண்டில் ரிஷார் தம் ஐந்நூறாவது கோலைப் போட்டார். அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் வீரர் அவரே. 1960-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றபோது கோல்கள் 544.

மக்களின் வருத்தம் என்னவாயிற்று? 1960-ஆம் ஆண்டில் கியூபெக்கில் ஆட்சி மாறியது. கல்வியிலும் தொழில்துறையிலும் பெரும் சீர்திருத்தங்கள் வந்தன. 1974-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அம்மாகாணத்தின் ஆட்சிமொழியாயிற்று. 1977-ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளி தன் மொழியிலேயே வேலை செய்யும் உரிமையை உறுதி செய்தது. அம்மாற்றங்களுக்கெல்லாம் விதை 1955-ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இரவிலேயே விழுந்தது என்று சொல்லும் வரலாற்றாசிரியர் உண்டு. அது மிகைக்கூற்று என்று மறுப்போரும் உண்டு. நமக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: உடைந்த கண்ணாடிகள் அந்த வருத்தத்தை ஊரறியச் செய்தன, அதைத் தீர்த்தவையோ வாக்குச் சீட்டும், பள்ளிக்கூடமும், சட்டமன்றமும்.

ரிஷார் 2000-ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். கியூபெக் அரசு அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது. அதற்கு முந்திய ஆண்டில் அதே தேசிய ஹாக்கி லீக் ஒரு புதிய பரிசை வழங்கத் தொடங்கியிருந்தது. பருவத்தில் மிகுதியான கோல்கள் போடும் வீரருக்கு ஆண்டுதோறும் அளிக்கப்படும் அப்பரிசின் பெயர் மோரீஸ் ரிஷார் கோப்பை. எந்த அமைப்பின் தலைவர் ஒருவர் அவரைத் திடலிலிருந்து விலக்கினாரோ, அந்த அமைப்பின் கையாலேயே இன்று அவர் பெயர் பொறித்த கோப்பை வழங்கப்படுகிறது.