புகையின் வர்ணம்

2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் கார்களுள், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் நோக்கி இன்றும் ஓடக்கூடிய பழைய பெட்ரோல் வண்டியொன்றை வைத்திருப்போர், அதன் சைலன்சரில் எழும் புகையின் வர்ணத்தைக் கவனித்தல் அவசியம். கறுப்பு, பெட்ரோல் மிகுதியாகச் செல்வதையும், வண்டி சூடேறிய பின்னும் நீங்காத வெண்மை, ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் கசிவதையும், நீலம், ஆயில் எரிவதையும் உணர்த்தும். இரவெல்லாம் நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட் செய்த கணத்தில் மட்டும் நீலப் புகை கக்கினால் வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். பாரமேற்றி ஓடுகையில் இடைவிடாது கக்கினால் பிஸ்டன் ரிங்கின்மீதே சந்தேகம் கொள்ளவேண்டும். பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரெஷனை அளந்து, பிளக் துவாரத்தில் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளக்கையில், அளவு உயர்ந்தால் தேய்மானம் ரிங்கில். உயராவிடில் வால்வுப் பக்கம் பார்க்கவேண்டும். இச்சோதனையின்றி எஞ்சினைப் பிரிப்பது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். ஆகவே, முதலில் இதைச் செய்யுமாறு உங்கள் மெக்கானிக்கிடம் அவசியம் கேளுங்கள்.