வட்டுத் தொகுப்பும் தமிழின் இடமும்



ஒரு நூல் வெளிவருதற்கு எழுதுவோரும் அச்சுக் கோப்போரும் மட்டும் போதார். தாள்களை முறைப்பட அடுக்கித் தைத்துக் கட்டுவோரும் வேண்டும். முதல் தாள் இறுதியிலும் இறுதித் தாள் இடையிலும் தைக்கப்படின் நூல் நூலாகாது. கணினியை இயக்கும் இயங்குதளத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

தெபியன் என்னும் இயங்குதளத்தை 1993ஆம் ஆண்டில் இயான் மர்தாக்கு என்னும் அமெரிக்க மாணவர் தொடங்கினார். எவரும் பயன்படுத்தவும், ஆய்ந்து திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுடையது அது. 2025இல் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பில் 69,830 மென்பொருட் பொதிகள் உள்ளன. பன்னாட்டுத் தொண்டர் தனித்தனியே ஆக்கிய அவற்றை, நிறுவத்தக்க வட்டுப் படிமங்களாகக் கோத்துத் தருவதே 'தெபியன்-சிடி' என்னும் தொகுப்புக் கருவி.

அதன் வினைமுறை எண்ணத்தக்கது. பலரும் மிகுதியாகப் பயன்படுத்தும் பொதிகளை முன்வட்டுகளில் வைக்கும். ஒரு பொதி இயங்குதற்கு மற்றொன்று வேண்டுமெனின், தாங்கும் பொதியை முன்னும் சார்ந்த பொதியைப் பின்னும் அடுக்கும். அடிப்படை இடாது சுவர் எழுப்பாது. ஒரு வட்டு நிரம்பியதும் அடுத்ததைத் தொடங்கும். வெற்றுக் கணினியும் அவ்வட்டிலிருந்தே விழித்தெழுமாறு தொடக்க நிரலையும் நிறுவியையும் முதல் வட்டில் பொருத்தும். ஈற்றில் ஒவ்வொரு படிமத்திற்கும் சரிபார்ப்பெண் கணக்கிடப்படும். அப்பட்டியலில் எண்மக் கையொப்பமும் இடப்படும். இடையில் எவரேனும் ஒரு துகளை மாற்றினும் எண் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, இதில் தமிழுக்குரிய இடம் யாது? கணினியில் வேறெதுவும் இல்லாத நிலையில் முதற்கண் பேசுவது நிறுவியே. பழைய எழுத்துத்திரை தமிழின் உயிர்மெய் வடிவங்களை ஒழுங்குறக் காட்டவியலாதது. 2007இல் வந்த 4.0ஆம் பதிப்பில் வரைவியல் முகங்கொண்ட நிறுவி அமைந்தது; இத்தகைய எழுத்து முறைகட்கு அதுவே வழி திறந்தது. இன்று அந்நிறுவியின் மொழிப்பட்டியலில் தமிழும் உண்டு.

ஆயினும் இடம் பெறுதல் வேறு; இடத்தைக் காத்தல் வேறு. ஒவ்வொரு பதிப்பிற்கு முன்னும் நிறுவியிற் புதிய தொடர்கள் சேரும், பழையன திருந்தும். படிமம் கோக்கப்படும் நாளுக்குள் அவை தமிழாக்கப்படாவிடின், அவ்விடத்தில் ஆங்கிலத் தொடரே நிற்கும். மொழிபெயர்ப்பு பெரிதும் பின்தங்கிய மொழிகள் பட்டியலினின்று நீக்கப்பட்டதும் உண்டு. அங்குப் பகையுமில்லை, சூழ்ச்சியுமில்லை. கருவி எம்மொழியையும் வெறுப்பதன்று; உற்ற வேளையில் முன்வைக்கப்பட்டதைக் கோக்கும், வைக்கப்படாததை விட்டுச்செல்லும். அவ்வளவே.

ஆகலின், தமிழ் வாழ்கவென மேடையில் முழங்குவோர் ஆயிரவர் இருப்பினும், அத்தொடர்களை ஒவ்வொன்றாய் நற்றமிழில் ஆக்கி, உரிய நாளுக்குள் ஒப்படைப்போர் சிலரேனும் வேண்டும். இசைவு கேட்டு எவர் வாயிலிலும் நிற்க வேண்டுவதில்லை. கதவு திறந்தே உள்ளது. உழைக்கும் கைகளே வேண்டும்!